கால் செகண்டுக்கு அஞ்சு வருஷம்

எங்கள் தொழிலில் சரக்கைக் கண்ணால் பார்க்க முடியாது, கையால் தொட முடியாது, வாடிக்கையாளர் ஏழு கடல் தாண்டி இருப்பார். புகார் மட்டும் தப்பாமல் வந்து சேரும்.

என்ன தொழில் என்று கேட்பீர்கள். "பயங்கரக் குளிரில் இரண்டு மூலக்கூறு மோதினால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுகிறேன்" என்று சொல்வேன். கேட்டவர் மரியாதையாகத் தலையாட்டுவார். அப்புறம், "சரி, வேலைக்கு எப்ப போவ?" என்பார். பி.எச்டி. என்ற பெயரில் வருஷக்கணக்காக ஒரே எண்ணைத் துரத்தியவர்கள், கல்யாண வீட்டில் சொந்தக்காரர்களைக் கண்டதும் பந்தி முடிவதற்குள் கை கழுவப் போனவர்கள், எல்லாரும் என் கட்சி. உங்களுக்காகத்தான் எழுதுகிறேன், மற்றவர்கள் சும்மா கூட வரலாம்.

விஷயம் இவ்வளவுதான். சில மூலக்கூறுகளுக்கு ஒரு முனை பிளஸ், மறு முனை மைனஸ். ஒன்றின் தலைமேல் இன்னொன்றின் கால் வருகிற மாதிரி சந்தித்தால் இழுத்துக்கொள்ளும், ஒட்டிக்கொள்ளும், வேறு ஏதோவாக மாறும், இரண்டும் காலி. பக்கத்தில் பக்கத்தில் நிமிர்ந்து நின்றால் தள்ளிக்கொள்ளும், பிழைத்துக்கொள்ளும். அதனால் வெளிநாட்டு லேப்களில் இவற்றை, இதற்குமேல் குளிரவே முடியாது என்கிற எல்லை வரைக்கும் கொண்டுபோய், லேசர் ஒளியால் மேலேயும் கீழேயும் அமுக்கி, தோசை கனத்தில் ஒரு அடுக்காக அடைத்து, மின்புலம் கொடுத்து நிமிர்த்தி நிற்க வைக்கிறார்கள். உயரமில்லாத ரூமில் ஒன்றின் தலைமேல் ஒன்று ஏற முடியாது. அப்படியும் தப்பித் தவறி எத்தனை மோதி அழியும், மொத்தக் கூட்டம் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்கில் சொல்வது என் வேலை.

என் தீசிஸின் கடைசி அத்தியாயமே அந்த ஒரு எண்தான். ஐந்து வருஷம் முடிந்துவிட்டது. கெஞ்சி வாங்கிய ஆறு மாத நீட்டிப்பும் ஓடிக்கொண்டிருந்தது. என் எண் லேபில் அளந்த எண்ணோடு ஒத்துப்போனால் டாக்டர் பட்டம். ஒத்துப்போகாவிட்டால் நாள் தாண்டிவிடும், பதிவு ரத்தாகும், ஐந்து வருஷமும் அம்போ.

ஐஸ்பெட்டி

அம்மாவுக்கு மீன் வியாபாரம். பிள்ளைச்சாவடிக் கரையில் ஏலத்தில் எடுத்து, வேனில் போட்டு முதலியார்பேட்டைக்குக் கொண்டுபோய் விற்பாள். குளிர் விஷயத்தில் எங்கள் டிபார்ட்மென்ட்டில் யாரைவிடவும் அம்மாவுக்கு அனுபவம் ஜாஸ்தி. எந்த மீனுக்கு ஐஸை உடைத்துத் தூளாகப் போட வேண்டும், எதற்குக் கட்டியாகப் போட வேண்டும், உருகின தண்ணீரை எப்போது வடித்துவிட வேண்டும், எல்லாம் கைப்பழக்கம். தெர்மாமீட்டர் கிடையாது. விரலை உள்ளே விட்டுப் பார்ப்பாள், அவ்வளவுதான்.

ஒரு நாள் காலையில் வேனுக்குக் காத்திருந்தபோது, நான் அப்படி என்னதான் செய்கிறேன் என்று கேட்டாள். அமுக்குவது, நிமிர்த்துவது, தோசை, எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"நம்ம ஐஸ விட கூலிங்கா?"

"அதுக்கு முன்னாடி நம்ம ஐஸு அடுப்பும்மா."

"அவ்ளோ கூலிங்ல வெச்சா எத்தினி நாளு கெடாம இருக்கும்?"

தொழில்காரி கேட்கிற கேள்வி. மழுப்ப முடியாது. கணக்கில் வந்ததை அப்படியே சொன்னேன்: "கால் செகண்டு."

அம்மா மீனின் செவுளைத் தூக்கிப் பார்க்கும்போது ஒரு பார்வை பார்ப்பாள். அதே பார்வையை என்மேல் பார்த்தாள். அதற்குள் வேன் வந்துவிட்டது. பெட்டியை ஏற்றிவிட்டு ஏறி உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த மீன்காரப் பெண்ணிடம் அம்மா சொன்னது எனக்கும் நன்றாகக் கேட்டது: "கால் செகண்டுக்கு அஞ்சு வருஷமா படிக்குது இது."

ஆள் இல்லாத ரூம்

எங்கள் கணக்கு பேனாவால் போடுகிற கணக்கு இல்லை. டிபார்ட்மென்ட்டின் பின்பக்கத்து ரூமில் அலமாரி அலமாரியாகக் கம்ப்யூட்டர் இருக்கிறது. ஒரு கணக்கை ஓட விட்டால் முடியப் பதினோரு நாள் ஆகும். அத்தனை நாளும் அது விடுகிற சூட்டில் அப்பளம் காய வைக்கலாம். ஏசி நின்றால் கம்ப்யூட்டர் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும், கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பாதியில் சேமித்து வைக்கிற வசதியை நான் எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. அதைப் பற்றி இப்போது பேச வேண்டாம்.

செல்வராசு ஐயா எங்கள் அட்டெண்டர். கரண்டை வீணாக்குவது அவருக்குச் சோற்றைக் கொட்டுகிற மாதிரி. சாயந்திரம் ஐந்து மணிக்குச் சாவிக்கொத்தோடு கிளம்பி, ஒவ்வொரு ரூமாக ஃபேனையும் லைட்டையும் அணைத்துக்கொண்டே வருவார். வழக்கமாகப் பின்பக்கத்து ரூம் பூட்டியிருக்கும். அன்றைக்கு நான் பூட்ட மறந்திருக்கிறேன். உள்ளே ஒரு ஈ காக்கை இல்லை, ஏசி மட்டும் ஜோராக ஓடுகிறது. அணைத்துவிட்டுப் போய்விட்டார். கணக்குக்கு அது ஒன்பதாவது நாள்.

மறுநாள் காலையில் அவரைக் கண்டதும் கத்திவிட்டேன். பெரியவர் என்றும் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் வந்தால் அப்படித்தான், பிறகு ஒரு வாரம் வெட்கப்படுவேன். அவர் முழுசாகக் கேட்டுவிட்டு, அப்படி என்ன கணக்கு மேடம் அது என்று விசாரித்தார். உலகத்திலேயே அதிகமான குளிரைப் பற்றின கணக்கு என்று முறைப்பாகவே சொன்னேன். அவர் நிஜமாகவே குழம்பிப்போய்க் கேட்டார்: "உள்ள அவ்ளோ குளிரப் போட்டு வெச்சிருக்கீங்களே மேடம், அப்புறம் அதுக்கு எதுக்கு ஏசி?"

கண்ணாடி மேஜைமேல்

என் கைடு மேடம் ஊருக்குள்ளேயே பிறந்து வளர்ந்த கிறிஸ்தவக் குடும்பம், பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். கோபம் வந்தால் குரல் உயராது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைப்பார். அப்புறம் "போன்" என்பார். பிரெஞ்சில் அதற்கு 'சரி' என்று அர்த்தமாம். எதுவுமே சரியில்லாதபோதுதான் நாங்கள் அதைக் கேட்டிருக்கிறோம்.

கணக்கை மறுபடி ஓட்டி முடித்தேன். அதே கால் செகண்டு. லேபில் அவர்கள் அளந்தது ஒரு செகண்டு. நாலு மடங்கு வித்தியாசம். என் கணக்கில் கட்டங்களைச் சின்னதாக்கிப் பார்த்தேன், தூரத்தை நீட்டிப் பார்த்தேன். அது கால் செகண்டை விட்டு அசையவே இல்லை. இவ்வளவு உறுதியாக நிற்கிற எண் எப்படித் தப்பாகும்? தப்பு அவர்கள் பக்கம்தான் என்று முடிவுகட்டினேன். எனக்கு ரோஷம் கொஞ்சம் அதிகம் என்று வீட்டில் சொல்வார்கள், நான் ஒத்துக்கொண்டதில்லை. யாரையும் கேட்காமல், அந்த லேபின் தலைவருக்கே ஒரு மெயில் தட்டினேன். நீங்கள் நினைக்கிற அளவு மூலக்கூறுகள் உங்கள் அடுக்கில் இல்லை, கூட்டம் குறைவாக இருப்பதால்தான் அதிக நேரம் தாங்குகிறது, தயவுசெய்து மறுபடி எண்ணிப் பாருங்கள் என்று எழுதினேன். மேடத்துக்கும் ஒரு காப்பி போட்டேன்.

அரை மணி நேரத்தில் கூப்பிட்டுவிட்டார். கண்ணாடி ஏற்கெனவே மேஜைமேல் இருந்தது.

"போன். ஒரு லேபே தப்பு, மலர் ஒருத்திதான் கரெக்ட். அப்படித்தானே?"

"ஆமா மேடம்."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மேடம் சொன்னார்: "நீ கரெக்டா இருந்தா சந்தோஷம். இல்லன்னா அடுத்த மெயிலும் நீயேதான் எழுதணும், நான் எழுத மாட்டேன்."

எண்ணிக்கை

லேபின் தலைவர் திட்டி எழுதியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். சண்டை போட நான் தயாராக இருந்தேன். மனுஷர் நன்றி சொல்லி எழுதினார். முக்கியமான சந்தேகம், உடனே பார்க்கிறோம் என்றார். எனக்கு உள்ளுக்குள் ஒரே பெருமை. அண்ணனிடம்கூடச் சொன்னேன், வெளிநாட்டில் ஒரு லேபே என்னால் எண்ணிக்கொண்டிருக்கிறது என்று.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. அப்போது தீசிஸ் கொடுக்க எனக்கு மிச்சம் இருந்தது பதினேழு நாள். மெயில் ரொம்பச் சின்னது, ரொம்ப மரியாதையானது: "மூன்று விதமாக எண்ணிப் பார்த்தோம், எல்லாம் உள்ளேதான் இருக்கின்றன. உங்கள் பக்கம் ஏதாவது கிடைத்தால் அவசியம் எழுதுங்கள்."

ஹைட்

என் அண்ணனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, படகில் ஏறினால் வாந்தி. அதனால் ஃபால்ஸ் சீலிங் வேலைக்குப் போனான். உழவர்கரைப் பக்கம் புதிதாக வருகிற வீடுகளில் ஜிப்சம் ஷீட்டு அடிக்கிறான். மெயில் வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தோம். எனக்குச் சோறு இறங்கவில்லை. தட்டைப் பார்த்துக்கொண்டே அழுதுவிட்டேன். அம்மா இன்னொரு துண்டு மீனை வைத்தாள். அண்ணன்தான், "இன்னா பிரச்சனை, எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றான்.

தரைக்கும் கூரைக்கும் நடுவே அடைப்பது, உயரம் குறைந்தால் மோதல் குறையும் என்பது, என் ரூமில் மட்டும் எல்லாம் சீக்கிரம் செத்துப்போவது, எல்லாம் சொன்னேன். அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான்.

"ரூமு ஹைட் எவ்ளோ?"

"ஹைட்டா குடுக்க மாட்டோம்ணா. மேலயும் கீழயும் செகண்டுக்கு எத்தினி வாட்டி ஆடுதுன்னு குடுப்போம். அத்தினி ஹெர்ட்ஸுன்னு."

"நான் ஹைட்டுதான் கேட்டேன்."

"அதுலயே ஹைட்டு இருக்குதுண்ணா."

"கஸ்டமருங்களும் இப்டித்தான். ஹைட்டு கேட்டா, ஃபேனு மாட்டினா தலையில இடிக்காதுன்னுவாங்க. நானு டேப்பு போடாம ஷீட்டுல கத்தி வெக்க மாட்டேன்."

எனக்கு எரிச்சலான எரிச்சல். அவன் வாயை அடைக்கத்தான், இடது கையால் அவனுடைய அளவு நோட்டை இழுத்து, பின்பக்கத்தில் உயரத்தைக் கணக்குப் போட்டேன். புரோகிராமில் நான் கொடுத்திருந்த அதே எண்ணிலிருந்து போட்டேன். வந்த உயரத்தை, போனில் லேபின் பேப்பரைத் திறந்து, அவர்கள் போட்டிருந்த உயரத்தோடு ஒத்துப் பார்த்தேன். என் ரூம் இரண்டரை மடங்கு உயரமாக இருந்தது.

ஆட்டத்தை எண்ணுவதில் இரண்டு வழக்கம் உண்டு. அளக்கிறவர்கள் ஒரு முழு ஆட்டத்தை ஒன்று என்று எண்ணுவார்கள். எங்கள் சூத்திரத்தில் அதே ஒரு ஆட்டம் இரண்டு பை, பள்ளிக்கூடத்தில் வட்டத்துக்குப் போடுகிற அந்தப் பைதான், அதாவது ஆறேகால் சொச்சம். அவர்கள் எண்ணை வாங்கினால் அந்த ஆறேகாலால் பெருக்கித்தான் உள்ளே போட வேண்டும். நான் பெருக்கவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஏதோ ஒரு மத்தியானம் பெருக்க மறந்திருக்கிறேன். அன்றிலிருந்து என் மூலக்கூறுகள் உயரமான ரூமில் ஒன்றின் தலைமேல் ஒன்று தாராளமாக ஏறி, மோதி, செத்துக்கொண்டிருந்தன. முதல் வருஷத்துப் பிள்ளைகளுக்கு நாங்கள் சொல்லுகிற முதல் எச்சரிக்கை இதுதான். அந்த வருஷம் வகுப்பெடுத்து எச்சரித்ததே நான்தான்.

என் முகம் போன போக்கில் அண்ணன் பயந்துவிட்டான். விஷயத்தைச் சொன்னேன். இடிந்துபோய் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்தான், நோட்டைப் பார்த்தான், கை கழுவ எழுந்து போகும்போது அம்மாவிடம் சொன்னான்: "அளக்காமலே சீலிங் அடிச்சிருக்காம்மா உம் பொண்ணு."

உள்ளே மோதல்

திருத்துவதற்கு ஒரு வரி போதும். ஆனால் அதற்குப் பிறகு கணக்கு பதினோரு நாள் ஓட வேண்டும். இருந்தது பதினாறு நாள். ஒரே ஒரு தடவைதான் ஓட்ட முடியும், நடுவில் நின்றால் எல்லாம் போச்சு. பாதியில் சேமிக்கிற வசதியை இப்போது எழுதப் போய், அதில் புதிதாக ஒரு தப்பு வந்துவிடுமோ என்று பயம். மேடத்திடம் போய் ஒத்துக்கொண்டேன். கண்ணாடியைக் கழற்றவே இல்லை, முதலில் கணக்கை ஓட விடு என்று மட்டும் சொன்னார். அது இன்னும் பயமாக இருந்தது.

அடுத்து செல்வராசு ஐயா. பதினோரு நாள் ஏசியைத் தொடாதீர்கள் என்று கெஞ்சினேன். நான் முன்னால் கத்தினதை அவர் காட்டிக்கொள்ளவே இல்லை. அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் அவரே எழுதி, சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒட்டினார்: 'உள்ளே மோதல் நடக்கிறது. அணைக்கக் கூடாது.' பக்கத்து டிபார்ட்மென்ட்டிலிருந்து இரண்டு பேர் யாருக்கும் யாருக்கும் சண்டை என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவரோ தினமும் ஐந்து மணிக்கு வந்து, ஏசி ஓடுகிறதா என்று கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

ஏழாவது நாள் எனக்கு மனசு கேட்கவில்லை. "ஐயா, அன்னிக்கு உங்கள அவ்ளோ பேசிட்டேன். அப்ப ஓடினு இருந்த கணக்கே தப்புங்க. நீங்க அணைச்சதுல எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல" என்றேன். அவர் சாவிக்கொத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, ரொம்ப கௌரவமாகச் சொன்னார்: "அதான் அன்னிக்கே அணைச்சேன் மேடம்."

பட்டியல்

பதினோராவது நாள் ஒரு செகண்டு வந்தது. லேபின் எண்ணுக்கும் என் எண்ணுக்கும் நடுவே இருந்த வித்தியாசம், அவர்களே இவ்வளவு கூடலாம் குறையலாம் என்று போட்டிருந்த அளவுக்குள் அடங்கிவிட்டது. அந்தச் சூடான ரூமில் தரையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தேன், கொஞ்ச நேரம் அழுதேன். எது முதலில் என்று நினைவில்லை. தீசிஸைக் கடைசி நாளுக்கு முந்தின நாள் கொடுத்தேன்.

மெயில் எழுதுவது பாக்கி இருந்தது. கடைசி அத்தியாயத்தை எழுதினதைவிட அந்த நாலு வரி எழுத அதிக நேரம் பிடித்தது. உங்கள் எண்ணிக்கை சரி, தப்பு என்னுடையது, இரண்டு பையை மறந்துவிட்டேன், உங்கள் மூன்று வாரத்தை வீணாக்கியதற்கு மன்னிக்கவும். அனுப்பிவிட்டு இரண்டு நாள் மெயிலைத் திறக்கவே இல்லை. திறந்தபோது பதில் இருந்தது: "இரண்டு பையைத் தொலைத்தவர்களின் பட்டியல் ஒன்றை எங்கள் லேப் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். உங்கள் பெயரைச் சேர்த்தாயிற்று, முதல் பெயர் என்னுடையது."

வெள்ளிக்கிழமை

நாலு மாதம் கழித்து வாய்மொழித் தேர்வு, ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் ஜனங்கள் அன்றைக்குக் கவுச்சி சேர்க்க மாட்டார்கள். தவக்கால வெள்ளிகளில் கறிக்குப் பதிலாக மீன் வாங்குகிற கிறிஸ்தவ வீடுகளிலிருந்தும், தவக்காலம் முடிந்துவிட்டதால் கூட்டம் இல்லை. அதனால் அம்மாவுக்கு வர முடிந்தது. அண்ணனோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். நான் பேசி முடிக்கிற வரைக்கும் அண்ணன் ஹாலின் சீலிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான், ஏதோ மட்டம் சரியில்லை போல.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிவிட்டேன். கடைசியில், சபையில் யாராவது கேட்கலாம் என்றார். யாரும் கேட்க மாட்டார்கள், அது சம்பிரதாயம். அம்மா எழுந்து நின்றாள்.

"முன்ன கால் செகண்டுன்னு சொல்லுச்சு. இப்ப எவ்ளோ நேரம் தாங்குது?"

"ஒரு செகண்டும்மா."

ஹாலில் லேசாகச் சிரிப்பு. அம்மா சிரிக்கவில்லை. மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டு, தலையாட்டி, உட்கார்ந்தாள். தேர்வாளர் இதைவிடச் சுருக்கமாக என் தீசிஸை யாரும் கேட்க முடியாது என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மேடம் கண்ணாடியைக் கழற்றாமலே "போன்" என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதலியார்பேட்டையில் அம்மாவுக்குக் கூடமாட இருக்கப் போனேன். வாடிக்கையாக வாங்குகிற பெண்மணி ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, பொண்ணு டாக்டராமே, எந்த ஆஸ்பத்திரி என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள். மீனுக்கு ஐஸைத் தள்ளிக்கொண்டே, என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள். "ஆஸ்பத்திரி இல்லக்கா. இது கணக்கு பாத்தா சரக்கு நாலு மடங்கு தாங்குது, அந்தக் கூலிங்கு நம்மகிட்ட இல்ல."

ஆக, ஐந்தரை வருஷத்தில் இந்த உலகத்துக்கு நான் சேர்த்தது முக்கால் செகண்டு, அதுவும் முதலில் நானே தொலைத்தது.